பாட்டு வகுப்புக்கு கூகுள் வாய்ஸ் சரி, மாமனாருக்கு வேண்டாம்

கேள்வி: சார், நாங்கள் நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறோம். சாயங்காலமும் சனி ஞாயிறும் வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித் தருகிறேன், இப்போது 28 பேர். எல்லா அம்மா அப்பாவிடமும் என் சொந்த செல் நம்பர்தான் இருக்கிறது. ராத்திரி பத்தரை மணிக்கு "நாளைக்கு கிளாஸ் உண்டா டீச்சர்" என்று போன் வருகிறது, வர்ணம் நடந்துகொண்டிருக்கும்போது நடுவில் அடிக்கிறது. கூகுள் வாய்ஸில், அதாவது கூகுளின் இன்டர்நெட் போன் சேவையில், ஒரு நம்பர் எடு, இலவசம், வாய்ஸ்மெயிலை எழுத்தாக மாற்றி ஈமெயிலுக்கே அனுப்பிவிடும் என்கிறார் என் கணவர். அதோடு நிற்கவில்லை. வீட்டு லேண்ட்லைனை வெட்டிவிட்டு அந்த நம்பரையும் இதிலேயே போட்டுக்கொண்டால் மாதம் 35 டாலர் மிச்சம் என்கிறார். அந்த லேண்ட்லைனைத் தொடுவது என் மாமனார் மட்டும்தான். 78 வயது, பகலில் நாங்கள் இருவரும் ஆபீஸ் போய்விட்டால் தனியாக இருப்பார். என் தோழி, அதில் பேங்க் ஓடிபி கூட வராது, எடுக்காதே என்கிறாள். எடுக்கலாமா, வேண்டாமா?

பதில்:

வகுப்புக்கு எடுங்கள். இன்றைக்கே எடுக்கலாம், பத்து நிமிட வேலை. லேண்ட்லைன் விஷயத்தில் மட்டும் உங்கள் கணவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள், இதைப் படித்து முடிக்கும் வரைக்குமாவது. ஒரே ஆப்பில் இரண்டும் முடிந்துவிடும் என்பதால் அவர் இரண்டையும் ஒரே முடிவாகப் பார்க்கிறார். வகுப்பு நம்பர் ஒரு நாள் மக்கர் பண்ணினால் ஒரு குழந்தை வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும், மறுநாள் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். வீட்டில் தனியாக இருக்கிற 78 வயதுக்காரரின் போன் அப்படியில்லை.

நான் இருபது வருஷமாக ஆபீஸ்களுக்கும் சின்னக் கடைகளுக்கும் இன்டர்நெட் போன் போட்டுக் கொடுக்கிறவன். இந்தத் தொழில்நுட்பத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது, என் வீட்டிலேயே அதுதான் ஓடுகிறது. அது எந்த இடத்தில் காலை வாரும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு உபயோகிக்கிறேன், அவ்வளவுதான்.

மாமனார் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கூகுள் வாய்ஸின் இலவசக் கணக்கிலிருந்து இங்கே உள்ள அவசர உதவி நம்பரான 911-ஐ அழைக்க முடியாது. அவர்களே இதை எழுதித்தான் வைத்திருக்கிறார்கள், நாம்தான் படிக்காமல் 'சரி' அமுக்கிக்கொண்டு போகிறோம். பழைய தாமிரக் கம்பி போனில் 911 போட்டால், பேசுகிறவர் வாயே திறக்காவிட்டாலும் எந்த வீட்டிலிருந்து அழைப்பு வருகிறது என்று அந்தப் பக்கம் முகவரி தெரிந்துவிடும், ஏனென்றால் கம்பி ஒரு வீட்டுக்குத்தான் போகிறது. இன்டர்நெட் போனுக்கு வீடு கிடையாது. அதே நம்பரை எடிசனிலும் எடுக்கலாம், ஏர்போர்ட்டிலும் எடுக்கலாம், கும்பகோணத்தில் வைஃபை பிடித்தும் எடுக்கலாம். அதனால்தான் சாதாரண போனுக்குப் பேசவும் அதிலிருந்து வாங்கவும் முடிகிற இன்டர்நெட் போன் கம்பெனிகள் 911 வசதியைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று அமெரிக்க அரசின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2005-ல் உத்தரவு போட்டது. மாதக் காசு வாங்கும் கம்பெனிகள் சேரும்போதே உங்கள் வீட்டு முகவரியை எழுதி வாங்குவது அதற்காகத்தான். கூகுள் வாய்ஸின் இலவசக் கணக்கில் அந்த வசதி இல்லை.

உங்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. உங்கள் கையில் செல் இருக்கிறது, அதன் சாதாரண டயலரில் 911 அடித்தால் செல் கம்பெனி வழியாகப் போய்விடும், கூகுள் வாய்ஸ் ஆப் குறுக்கே வராது. ஆனால் மாமனாருக்கு உங்கள் கணவர் என்ன செய்யப் போகிறார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ஒரு பழைய ஐபாடில் ஆப்பைப் போட்டு, "அப்பா, இனிமே இதுல பேசுங்க" என்பார். மாடிப்படியில் கால் தவறி விழுந்த நேரத்தில் அந்த ஐபாட் எங்கே இருக்கும், அதில் சார்ஜ் இருக்குமா, விரலால் தள்ளித் திறக்கக் கை ஒத்துழைக்குமா? அப்படியே திறந்தாலும் 911 போகாது. நான் பயமுறுத்துவதாக உங்கள் கணவர் சொல்வார், சொல்லட்டும்.

இன்னொன்று, மாமனார் பழகிய பெரிய பட்டன் போனை அப்படியே கூகுள் வாய்ஸில் மாட்டிக்கொள்ள ஒரு சின்னப் பெட்டி இருந்தது, ஓபிஐ என்று பெயர். ஒரு தடவை காசு கொடுத்து வாங்கினால் போதும், அதற்கப்புறம் மாதக் காசு இல்லாமல் வீட்டு போன் ஓடும் என்று நம் ஆட்கள் நிறையப் பேர் வாங்கினார்கள், நானும் சிலருக்கு மாட்டிக் கொடுத்திருக்கிறேன். 2023 டிசம்பரோடு அந்தப் பெட்டிகளுக்கான ஆதரவு நின்றுபோனது. பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு யாராவது அதை வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். மாமனாரின் போனிலிருந்து கிளம்பும் கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டே போய் அது எங்கே முடிகிறது என்று பாருங்கள். சுவரில் இருக்கும் பழைய போன் துளைக்குள் போனால் அது தாமிரக் கம்பியாக இருக்கலாம். கேபிள் மோடத்தின் பின்பக்கத்திலோ ஃபைபர் பெட்டியிலோ போய் முடிந்தால், நீங்கள் 35 டாலர் கொடுத்து வைத்திருப்பதும் இன்டர்நெட் போன்தான், முகவரியும் 911-ம் சேர்த்துக் கொடுத்த இன்டர்நெட் போன். அப்படியென்றால் கரண்ட் போனால் அதுவும் படுத்துவிடும். நியூ ஜெர்சிக்காரர்களுக்கு 2012 அக்டோபர் சாண்டி புயலை நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை, எத்தனை வீடுகள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன. பேட்டரி கேட்டால் கம்பெனி விற்றே ஆகவேண்டும் என்ற விதி 2025-ல் முடிந்துவிட்டது, ஆனாலும் கிடைக்குமா என்று கம்பெனியைக் கேட்டுப் பாருங்கள்.

என் யோசனை இது. உங்கள் கணவருக்குக் காசு மிச்சமாக வேண்டும், மாமனாருக்கு ஊரில் எல்லாருக்கும் தெரிந்த அந்த நம்பரும் அந்தப் பட்டன் போனும் வேண்டும். செல் சிக்னலில் ஓடும் வீட்டு போன் பெட்டி என்று ஒன்று விற்கிறார்கள், அதன் பின்னால் சாதாரண போனைக் குத்திக்கொள்ளலாம், உள்ளே பேட்டரி இருக்கும், 911 போகும். மாதம் 35 டாலரைவிடக் குறைவாகவே கிடைக்கும். அந்தப் பெட்டிக்கு லேண்ட்லைன் நம்பரை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: நம்பர் புது இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, இன்னொரு போனிலிருந்து அடித்துப் பார்த்து, மணி அடித்த பிறகுதான் பழைய கனெக்ஷனை வெட்ட வேண்டும். முதலில் வெட்டிவிட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று போனவர்கள் நம்பரைத் தொலைத்துவிட்டு என்னிடம் வந்திருக்கிறார்கள், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதுவரைக்கும் ஒரு செலவில்லாத ஏற்பாடு: வீட்டில் கிடக்கும் பழைய செல் ஒன்றை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜரோடு வைத்துவிடுங்கள். பிளான் இல்லாத செல்லிலிருந்தும் 911 அழைப்பைச் செல் கம்பெனிகள் எடுத்தே ஆகவேண்டும் என்பது இங்கே விதி. இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். அழைப்பு துண்டித்துப் போனால் 911 ஆட்களால் அந்த செல்லுக்குத் திருப்பி அழைக்க முடியாது, அதனால் மாமனார் எடுத்த எடுப்பில் முகவரியைச் சொல்லப் பழக வேண்டும், ஒரு அட்டையில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். அப்புறம், செல் மிகப் பழையதாக இருக்கக் கூடாது, 3ஜி சேவையை இங்கே பெரிய கம்பெனிகள் மூன்றுமே 2022-ல் மூடிவிட்டன.

சரி, உங்கள் வகுப்புக்கு வருவோம்.

இந்தச் சேவை 2005-ல் கிராண்ட்சென்ட்ரல் என்ற சின்னக் கம்பெனியாக ஆரம்பித்தது, 2007-ல் கூகுள் வாங்கியது, 2009 மார்ச்சில் கூகுள் வாய்ஸ் என்று பெயர் மாறியது. அன்றைக்கு அதன் கருத்தே ஒரு நம்பர், பல போன் என்பதுதான். உலகத்துக்கு ஒரு நம்பரைக் கொடுத்துவிடு, அது செல்லில் அடிக்கட்டும், ஆபீஸில் அடிக்கட்டும், யாரும் எடுக்காவிட்டால் வாய்ஸ்மெயில் ஈமெயிலுக்கு வரட்டும் என்பது. உங்களுக்கு வேண்டியதும் அதேதான், தலைகீழாக: இருக்கிற ஒரே போனில் இன்னொரு நம்பர்.

இலவசமாக எப்படிக் கொடுக்கிறார்கள் என்று எல்லாரும் கேட்பார்கள். அமெரிக்காவுக்குள் ஒரு அழைப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு இப்போது சொற்பம். அந்தக் காலத்தில் அப்படி இல்லை, சில கிராமப்புற எக்ஸ்சேஞ்சுகளுக்கு அழைத்தால் அங்கே உள்ள கம்பெனிக்குக் கொழுத்த கட்டணம் கொடுக்க வேண்டியிருந்தது. கூகுள் அப்படிப்பட்ட சில நம்பர்களுக்கு அழைப்பையே தடுத்து வைக்க, 2009-ல் பெரிய போன் கம்பெனியான ஏடி அண்ட் டி புகார் சொல்ல, எஃப்சிசி விளக்கம் கேட்க, பெரிய ரகளையானது. அதே வருஷம்தான் ஆப்பிள் இந்த ஆப்பை ஐபோனில் சேர்க்காமல் நிறுத்தி வைத்தது, அதற்கும் எஃப்சிசி கடிதம் எழுதியது, 2010 நவம்பரில்தான் ஆப் ஐபோனுக்கு வந்தது. இப்போது கூகுள் இதே சேவையைக் கம்பெனிகளுக்கு ஆளுக்கு மாதம் 10 டாலரிலிருந்து விற்கிறது. நம்மைப் போன்றவர்கள் அந்த வண்டியில் ஓசியில் தொற்றிக்கொண்டு போகிறோம். ஓசியில் போகிறவன் சீட் கேட்க முடியாது, அதை மறக்காமல் இருந்தால் போதும். அதாவது ஏதாவது கோளாறு என்றால் போன் போட்டுத் திட்ட ஆள் கிடையாது.

கணக்கு எடுக்க ஏற்கெனவே ஒரு அமெரிக்க நம்பர் வேண்டும், உங்கள் செல்லைக் கொடுங்கள். உங்கள் பக்கத்து ஏரியா கோடான 732 கிடைத்தால் எடுங்கள், கிடைக்காவிட்டால் 848, அதுவும் இல்லையென்றால் பக்கத்தில் எதையாவது எடுங்கள், இந்தக் காலத்தில் ஏரியா கோடைப் பார்த்து யாரும் பாட்டு வாத்தியாரைத் தேர்ந்தெடுப்பதில்லை.

எடுத்த பிறகு முதல் வாரத்தில் எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது. ஒரு அம்மா வகுப்பு நம்பருக்கு அழைத்திருப்பார், நீங்கள் பழக்கதோஷத்தில் செல்லின் பச்சை பட்டனை அமுக்கித் திருப்பிக் கூப்பிடுவீர்கள், அந்தப் பக்கம் உங்கள் சொந்த நம்பர் போய் நிற்கும். ஒரே அழைப்பில் பட்ட பாடெல்லாம் வீண். திருப்பி அழைப்பது எப்போதும் ஆப்பைத் திறந்து அதற்குள்ளிருந்துதான். ஆண்ட்ராய்டாக இருந்தால் எல்லா அழைப்பையும் கூகுள் வாய்ஸ் வழியாகவே போகும்படியோ, ஒவ்வொரு தடவையும் கேட்கும்படியோ வைக்க முடியும், நான் 'கேட்கட்டும்' என்று வைத்திருக்கிறேன்.

இரண்டாவது தொல்லை வாய்ஸ்மெயில். வகுப்பு நம்பருக்கு வரும் அழைப்பை உங்கள் செல் நம்பருக்குத் தள்ளிவிடும்படி வைத்திருந்தால், நீங்கள் எடுக்காதபோது சில சமயம் உங்கள் செல் கம்பெனியின் வாய்ஸ்மெயில் முந்திக்கொண்டு எடுத்துவிடும். அப்போது பேசி வைத்தது தப்பான டப்பாவில் விழும், ஈமெயிலும் வராது, எழுத்தாகவும் மாறாது. இதற்கு எளிய வழி, செட்டிங்கில் செல் நம்பருக்குத் தள்ளுவதையே அணைத்துவிட்டு ஆப்பில் மட்டும் அடிக்கும்படி வைப்பது. வீட்டில் வைஃபை நன்றாக இருக்கும்போது இதுதான் சுத்தமான ஏற்பாடு. ஆப்பில் மட்டும் வைக்கும்போது, செல்லின் பேட்டரி சேமிப்பு இந்த ஆப்பைத் தூங்கவைத்து மணியே அடிக்காமல் செய்துவிடும், அதிலிருந்து இதற்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிடுங்கள்.

குரல் தெளிவாக இருக்குமா என்றால், ஒரு அழைப்புக்கு நொடிக்கு ஏறத்தாழ 100 கிலோபிட் போதும், உங்கள் வீட்டு இன்டர்நெட் அதைவிடப் பல நூறு மடங்கு. வேகம் குறைந்து குரல் கெடுவதில்லை, துண்டு துண்டாகப் போகும் குரல் ஒரே சீராக வந்து சேராமல் முன்னே பின்னே வருவதால்தான் வெட்டி வெட்டிக் கேட்கிறது. அடுத்த அறையில் பையன் கேம் ஆடிக்கொண்டிருந்தால் தெரியும். அப்படிக் கேட்டால் வைஃபையை அணைத்துவிட்டு செல் டேட்டாவில் பேசிப் பாருங்கள், முக்கால்வாசி நேரம் சரியாகிவிடும்.

இனி உங்கள் கணவர் மயங்கிய விஷயம், எழுத்தாக மாறும் வாய்ஸ்மெயில். நல்ல வசதிதான், மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு போனைக் காதில் வைக்காமலே யார் என்ன சொன்னார்கள் என்று பார்த்துவிடலாம். ஆனால் அந்த இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது. தமிழில் பேசி வைத்ததையும் அது ஆங்கிலமாகவே காதில் வாங்கிக்கொண்டு, தனக்குத் தோன்றிய ஆங்கில வார்த்தைகளை அடுக்கி அனுப்பும். "பாப்பாவுக்கு ஜுரம், நாளைக்கு வரமாட்டா டீச்சர்" என்பது என்ன வாக்கியமாக வந்து நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் பெற்றோர்கள் பாதித் தமிழ் பாதி ஆங்கிலமாகப் பேசுவார்கள் இல்லையா, அதில் 'ஃபீவர்', 'சாட்டர்டே', 'கிளாஸ்' இதெல்லாம் தப்பித்து வரும், பெயர்களும் வினைச்சொற்களும் காணாமல் போகும். வரும் என்றாரா, வராது என்றாரா? அதுதானே உங்களுக்கு வேண்டும்! நல்லவேளை, பேசியதன் ஒலிப்பதிவு அப்படியே இருக்கும், ஒரு தட்டுத் தட்டினால் கேட்கலாம். ஆகவே எழுத்தை யார் கூப்பிட்டார்கள், அவசரமா என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், முடிவு எடுக்க வேண்டியதைக் காதால் கேளுங்கள்.

வரவேற்புச் செய்தியை உங்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள், தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி. வெறுமனே "மெசேஜ் விடுங்கள்" என்று சொன்னால் மூன்று நிமிடம் பேசுவார்கள், அதற்கு மேல் விடாது. "பிள்ளையின் பெயர், எந்த நாள் வகுப்பு, வரவில்லை என்றால் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள், ராத்திரி எட்டு மணிக்கு மேல் மறுநாள்தான் பதில்" என்று சொல்லிவிடுங்கள். அந்தக் கடைசி வரியைச் சொல்லக் கூச்சமாக இருக்கும், சொல்லுங்கள். நம் ஆட்களிடம் டீச்சர் போனை எடுக்கவில்லை என்றால் கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்து இன்னும் இரண்டு தடவை அடிப்பார்கள், காரணம் தெரிந்துவிட்டால் அடிக்க மாட்டார்கள்.

எட்டு மணி ஆனதும் கூகுள் வாய்ஸ் ஆப்பில் 'தொந்தரவு செய்யாதே' என்கிற பொத்தானைப் போட்டுவிட்டால் அழைப்பு நேராக வாய்ஸ்மெயிலுக்குப் போய்விடும், உங்கள் சொந்த நம்பர் வழக்கம்போல் அடிக்கும். அம்மா ஊரிலிருந்து கூப்பிடுவது நின்றுபோகாது. பத்தரை மணிப் பிரச்சினைக்கு மருந்து இதுதான், மற்றதெல்லாம் உபரி.

ஒரு அறிவிப்பை 28 பேருக்கும் இந்த நம்பரிலிருந்து குறுஞ்செய்தியாக அனுப்பாதீர்கள். ஒரே வாசகத்தை ஒரே மூச்சில் பலருக்கு அனுப்பினால் விளம்பரக்காரர் என்று நினைத்துத் தடுத்துவிட வாய்ப்பு உண்டு. ஈமெயிலில் போடுங்கள். வாட்ஸ்ஆப் குழு வைத்திருக்கிறீர்கள் என்றால், அதில் உங்கள் சொந்த நம்பர்தான் எல்லார் கண்ணிலும் படுகிறது என்பதையும் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தோழி சொன்னதும் சரிதான், ஆனால் உங்களுக்கு அது பொருந்தாது. எந்த நம்பரும் செல்லுக்கு உரியதா, இன்டர்நெட் போனுக்கு உரியதா என்று பேங்க்குகளால் நொடியில் பார்க்க முடியும். இன்டர்நெட் நம்பர் என்றால் நிறைய பேங்க்குகள் ஓடிபி அனுப்புவதில்லை, ஏனென்றால் திருடர்களும் இலவசமாக இதே நம்பரை எடுக்கிறார்கள். சில இடத்தில் வரும், ஒரு வருஷம் வந்துகொண்டே இருந்துவிட்டு திடீரென்று நிற்கும். பேங்க், வரி, இமிகிரேஷன், ஆஸ்பத்திரி, பிள்ளையின் பள்ளிக்கூட அவசரத் தொடர்பு, இதெல்லாம் உங்கள் செல் நம்பரிலேயே இருக்கட்டும். முக்கியமாக, கூகுள் கணக்கை மீட்பதற்கான நம்பராக கூகுள் வாய்ஸ் நம்பரையே கொடுத்துவிடாதீர்கள். பாஸ்வேர்ட் மறந்த அன்றைக்கு, கணக்கைத் திறக்க ஒரு ரகசிய எண், அதாவது கோடு, வரும், அந்தக் கோடு பூட்டிய கணக்குக்குள்ளேயே போய் விழும். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்ட கதை. எல்லா வாய்ஸ்மெயிலும் குறுஞ்செய்தியும் அந்த ஒரு கணக்கில்தான் கிடக்கும் என்பதால் அதற்கு இரண்டு கட்டப் பாதுகாப்பும் போட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒரு மோசடி, இது நீங்கள் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வரும். நீங்கள் பழைய சோபாவை விற்க விளம்பரம் போட்டிருப்பீர்கள், ஒருவன் வாங்குவதுபோல் பேசி, "நீங்கள் நிஜ ஆளா என்று பார்க்க ஒரு கோடு அனுப்புகிறேன், அதைப் படித்துச் சொல்லுங்கள்" என்பான். ஆறு இலக்கம் வரும். அது உங்கள் நம்பரைக் காட்டி அவன் தனக்கு ஒரு கூகுள் வாய்ஸ் கணக்கு எடுத்துக்கொள்ளும் கோடு. அதை வைத்து அவன் அடுத்தவரை ஏமாற்றுவான், தடயம் உங்கள் பக்கம் வரும். நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான எஃப்டிசி இதைப் பற்றி எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. மாமனாரிடமும் சொல்லி வையுங்கள், எந்தக் கோடையும் யாருக்கும் படிக்கக் கூடாது என்று.

கடைசியாக, இந்த நம்பர் உங்களுடையதாக இருக்குமா என்பது. பல வருஷம் முன்னால் ஒரு இலவச இன்டர்நெட் போன் சேவையில் நம்பர் எடுத்து அதை என் விசிட்டிங் கார்டில் அச்சடித்தேன், 500 கார்டு. கம்பெனி ஒரு நாள் ஈமெயில் அனுப்பிவிட்டு மூடிக்கொண்டது, நம்பரும் போனது. மிச்சக் கார்டுகள் இன்னும் என் மேஜை இழுப்பறையில் மளிகைக் கணக்கு எழுத உபயோகமாகின்றன. சின்னக் கம்பெனி என்பதால் அப்படி ஆனது என்று சொல்ல முடியாது. மைக்ரோசாஃப்ட் 2011-ல் 850 கோடி டாலர் கொடுத்து வாங்கிய ஸ்கைப்பே 2025 மே 5-ம் தேதி மூடப்பட்டது. கூகுளும் ரீடரை மூடியது, பிளஸ்ஸை மூடியது, ஹேங்அவுட்ஸை மூடியது. கூகுள் வாய்ஸ் இத்தனை வருஷம் தாக்குப் பிடித்திருக்கிறது, கம்பெனிகளுக்கும் விற்கிறார்கள் என்பதால் சட்டென்று மூட மாட்டார்கள் என்பது என் எண்ணம், ஆனால் எண்ணத்தை நம்பி நோட்டீஸ் அச்சடிக்க முடியாது.

நம்மைக் காப்பாற்றுவது நம்பரை வெளியே எடுத்துப் போகிற வசதி. அவர்கள் கொடுத்த நம்பரை 3 டாலர் கட்டித் திறந்துகொண்டு எந்த செல் கம்பெனிக்கும் மாற்றிக்கொள்ளலாம். உங்கள் கணவர் சொன்ன மாதிரி வெளி நம்பரை உள்ளே கொண்டுவர 20 டாலர், அதுவும் செல் நம்பராக இருந்தால்தான். லேண்ட்லைன் நம்பரை நேராகக் கொண்டுவர முடியாது, முதலில் ஒரு ப்ரீபெய்ட் செல்லுக்கு மாற்றி, அங்கிருந்து இங்கே கொண்டுவர வேண்டும், இதையும் அவரிடம் சொல்லுங்கள். சில மாதம் அந்த நம்பரில் எதுவுமே நடக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். கோடை விடுமுறைக்கு வகுப்பை மூடிவிட்டு ஊருக்குப் போனால் நடுவில் ஒன்றிரண்டு அழைப்பாவது போட்டு வையுங்கள். ஊரில் வைஃபையில் ஆப் வேலை செய்யும், பெற்றோர்களோடு பேசலாம், அமெரிக்க நம்பருக்குத்தான் பேசுகிறீர்கள் என்பதால் காசும் இல்லை. ஆனால் கணக்கை இங்கேயே எடுத்து, செல் நம்பருக்குத் தள்ளுவதை அணைத்துவிட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் ரோமிங் பில் வரும். ராத்திரி நேரமும் இடம் மாறிவிடும். எடிசனில் மத்தியானம் ஒரு மணி என்றால் கோடையில் அங்கே ராத்திரி பத்தரை, உங்களுக்குப் பழக்கமான அதே பத்தரை.

வகுப்பு வளர்ந்து, இன்னொரு டீச்சரைச் சேர்த்துக்கொண்டு, ஒரே நம்பரை இரண்டு பேர் எடுக்கவேண்டி வரும் நாளில் காசு கொடுக்கும் சேவைக்குப் போங்கள். 28 பேருக்கு இது போதும்.

விஜயதசமிக்குப் புதுப் பிள்ளைகள் வருவார்கள், அவர்களுக்குக் கொடுக்கும் தாளில் நம்பரை அச்சடிப்பதற்கு முன்னால் இரண்டு வாரம் ஐந்தாறு பெற்றோரிடம் மட்டும் கொடுத்துப் பாருங்கள். அதில் ஒருவரைத் தமிழில் வாய்ஸ்மெயில் விடச் சொல்லி, வருகிற எழுத்தை உங்கள் கணவருக்கு அனுப்பிவிடுங்கள்.